பீரோ இல்லீங்க, ஸ்பீக்கர்!

பெர்ன்ஹில்லில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஊட்டி ரயிலில் லவ்டேல் தாண்டினால் மரங்களுக்கு நடுவே பொம்மை மாதிரி ஒரு ஸ்டேஷன் வருமே, அதுதான் பெர்ன்ஹில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. ஓட்டுக்கூரை, முன்னால் ஹைட்ரேஞ்சியா செடி, உள்ளே நுழைந்தால் ஹாலில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் ஆறடி. கோத்ரெஜ் பீரோவுக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

"இவ்வளவு பெரிய பீரோவை எதுக்கு சார் ஹால்ல வச்சிருக்கீங்க?" முதல் தடவை போனபோது அப்பாவியாகக் கேட்டேன்.

"பீரோ இல்லீங்க, ஸ்பீக்கர்!" என்றார். குரலில் சலிப்பு. அந்தக் கேள்வியைக் கேட்ட எத்தனையாவது ஆள் நான் என்று அவருக்கே கணக்கு தெரியாது.

அவர் மனைவி காபி கொடுத்தபடியே பட்டியல் போட்டார். மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வந்தவர், "வீட்டுக்குள்ள தியேட்டர் நடத்துறீங்களா? கமர்ஷியல் ரேட் போட்டுடுவாங்க" என்று பயமுறுத்தினாராம். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையின் அப்பா மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் என்றே முடிவு செய்துவிட்டார்களாம். மாமியார் இருந்தவரை நவராத்திரிக்கு நவராத்திரி இரண்டு பெட்டிக்கும் நடுவே பலகை போட்டு, மேல்படி கொலு அதில்தான். "அதுக்காவது உபயோகப்பட்டுதே தம்பி!"

எல்லோரும் சிரித்தோம். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

பெரிய ஸ்பீக்கரோடு குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும், உலகம் முழுக்க, இதே கதைதான். வருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஆச்சு?" அடுத்தது "பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?" "என்ன பாட்டு கேட்பீங்க?" என்கிற கேள்வி மூன்றாவதாக வந்தால் உண்டு.

அன்றைக்கு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மலைச்சரிவில் பெர்ன்ஹில் அரண்மனை. மைசூர் மகாராஜாக்களின் கோடைவாசம். அதன் கடைசி மகாராஜாவும் இதே கிறுக்குப் பிடித்தவர்தான்! அந்தக் கிறுக்கால் லண்டனில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா பிழைத்தது. உலகம் மறந்துபோன ஒரு ரஷ்யக் கிழவரின் சங்கீதம் காப்பாற்றப்பட்டது.

அந்தக் கதைக்குப் போகும் முன், ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்பீக்கர் எதற்காகப் பெரிதாக இருக்க வேண்டும்? கைக்கு அடக்கமான பெட்டியில்தான் பாட்டு வருகிறதே?

வருகிறது. ஆனால் முழுசாக வருவதில்லை. ஒலி என்பது காற்றில் ஓடும் அலை. கீச்சுக்குரல் குட்டி அலை, சில சென்டிமீட்டர்தான். கனத்த ஒலி ராட்சச அலை. விநாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். 20 முறை என்றால் பதினேழு மீட்டர். நம் வீட்டு ஹாலைவிட அலை பெரிசு! அதைக் கிளப்ப ஏகப்பட்ட காற்றைத் தள்ள வேண்டும். ஒலியின் ஸ்தாயி பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். கைவிசிறியால் ஊஞ்சலை ஆட்ட முடியாது இல்லையா? அதனால்தான் அகலமான காகிதக் கூம்பு, பெரிய பெட்டி.

இன்னொன்று. பெரிய ஸ்பீக்கர் என்றாலே காது கிழியும் என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். சின்ன ஸ்பீக்கர்தான் கத்த வேண்டியிருக்கிறது. பெரிதுக்கு அந்த அவஸ்தை இல்லை. நல்ல கூம்பு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் மின்சாரமே வீட்டுக்கு தாராளம். ஆனை நடப்பது பூனை நடப்பதைவிட அலட்டல் இல்லாமல் இருக்குமே, அந்த மாதிரி.

பெரிய ஸ்பீக்கர் பைத்தியத்துக்கு வயது நூறு. 1915-ல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் கிராமபோன் கூம்பை மின்சாரக் கருவியோடு பொருத்தி, கிறிஸ்துமஸ் சமயத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஊருக்கே பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். நம்மூர் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கருக்கு அவர்கள்தான் கொள்ளுத்தாத்தா. 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரு எஞ்சினீயர்கள் இன்று நாம் பயன்படுத்தும் வகை ஸ்பீக்கருக்கு வழிசெய்தார்கள். கம்பிச்சுருள், காந்தம், காகிதக் கூம்பு. அடிப்படையில் இன்றும் அதேதான்.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் டென்மன் என்ற அதிகாரி 1930 வாக்கில் ஒரு கூம்பு கட்டினார். நீளம் 27 அடி. வாய் மட்டும் ஏழடிச் சதுரம்! யானை உள்ளே நுழைந்து திரும்பிப் பார்க்கலாம். யுத்தம் வரும்வரை தினம் தினம் ஜனங்கள் வந்து ரேடியோ கேட்டுவிட்டுப் போனார்கள். 1949-ல் கட்டட வேலையின்போது நடந்த விபத்தில் அது நொறுங்கியது. 2014-ல் மறுபடி கட்டி, ஓட விட்டார்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீர்கள். அந்த அசல் லாரன்ஸ், கடைசிக் காலத்தில் இங்கிலாந்து கிராமத்தில் ஒரு குட்டிக் குடிலில் இருந்தார். குடில் சின்னது, கிராமபோன் பெரிசு. ஜின் என்பவர் கையால் செய்து விற்ற ரகம். வாழைப்பூவைக் கவிழ்த்த மாதிரி ராட்சசக் கூம்பு. செய்த பொருள்? காகிதக் கூழ்! பெர்ன்ஹில் அரண்மனையில் நடன மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் அலங்கார விதானமும் காகிதக் கூழால் ஆனது என்பார்கள். இரண்டும் காகிதம்தான். ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கு.

இப்போது மகாராஜாவிடம் வருவோம்.

ஜெயசாமராஜேந்திர உடையார். பிறந்தது 1919 ஜூலை 18. பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் சங்கீதப் பிரியர். மைசூர் அரண்மனையில் வீணையும் உண்டு, பாண்டு வாத்தியமும் உண்டு. ஊர் முழுக்கவே காது வைத்திருந்த ஊர் அது. 1935-ல் கோபாலசுவாமி என்ற மனோதத்துவப் பேராசிரியர் மைசூரில் தன் வீட்டிலேயே ஒரு ரேடியோ நிலையத்தை ஆரம்பித்தார். 'ஆகாசவாணி' என்ற பெயர் வானொலிக்கு ஒட்டிக்கொண்டது அந்த வீட்டிலிருந்துதான். நண்பர் ஹாலில் இரண்டு பெட்டி வைத்ததற்கே இத்தனை கேள்வி. வீட்டில் ரேடியோ ஸ்டேஷன் வைத்த பேராசிரியரின் குடும்பத்தார் என்ன கேட்டிருப்பார்களோ!

இளவரசருக்கு பியானோ. விளையாட்டுக்கு அல்ல. லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கியவர். புகழின் உச்சியில் இருந்த ரஷ்ய பியானோ மேதை ராக்மனினாஃபிடம் போய்ப் படிக்க வேண்டும் என்பது ஆசை. 1940-ல் அப்பா காலமானார். அதே வருஷம் ஆகஸ்டில் பெரியப்பாவும் போய்விட்டார். 21 வயதில் சிம்மாசனம். பியானோ மூடப்பட்டது.

வாசிக்கக் கொடுத்துவைக்கவில்லை, கேட்கவாவது செய்யலாமே? ரெக்கார்டுகள் வந்து குவிந்தன. பிற்பாடு அவருடைய சேகரிப்பு ஏறக்குறைய 20,000 ரெக்கார்டு என்று மதிப்பிடப்பட்டது. அப்போதைய அரக்குத்தட்டு ஒரு பக்கம் நாலு நிமிடம் சொச்சம்தான் ஓடும். ஒரு முழு சிம்பனி கேட்க எத்தனை தடவை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராஜா என்பதால் திருப்பிப் போட ஆள் இருந்திருக்கலாம்.

1940-களின் இறுதியில் வால்டர் லெக் என்ற ஆங்கிலேயர் மைசூருக்கு விருந்தாளியாக வந்தார். ஹெச்.எம்.வி. ரெக்கார்டுகளின் பின்னால் இருந்த கம்பெனியில் பெரிய புள்ளி. 1945-ல் லண்டனில் பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியவரும் அவரே. அரண்மனையில் பார்த்ததை அவர் பின்னால் எழுதியிருக்கிறார். கிடைக்கக்கூடிய அத்தனை சாஸ்திரீய ரெக்கார்டுகளும் அடங்கிய நூலகம், வகைவகையாகப் பெரிய ஒலிபெருக்கிகள், கச்சேரி மேடையில் வைக்கும் பெரிய பியானோக்கள் பல. நடுவே முப்பது வயதுகூட ஆகாத ஒரு மகாராஜா.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்ததும் என்ன நினைப்பார்கள் என்று பட்டியல் போட்டோம் அல்லவா? லெக் அதில் ஒரு தனி ரகம். "எவ்வளவு ஆச்சு?" என்று அவர் கேட்கவில்லை. "இன்னும் எவ்வளவு தருவார்?" என்று யோசித்தார்.

தந்தார். லெக்கின் வார்த்தைப்படி, ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று ஆண்டுகள். பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவும் அதன் கச்சேரி சங்கமும் காலூன்ற. 1948-ல் அந்தச் சங்கத்தின் முதல் தலைவராகவும் மகாராஜாவையே ஆக்கினார்கள்.

அதைவிட முக்கியமானது மெட்னர் விவகாரம்.

நிக்கோலாய் மெட்னர், மாஸ்கோவில் 1880-ல் பிறந்த இசையமைப்பாளர். ராக்மனினாஃப் தன் நான்காவது பியானோ கன்சர்ட்டோவை இவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார் என்றால் மரியாதை புரியும். ஆனால் காலம் மாறிவிட்டது. புதுமை, புரட்சி என்று ஐரோப்பிய சங்கீதம் எங்கோ ஓட, இவர் மட்டும் பழைய பாணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1930-களின் நடுவில் லண்டன் புறநகரில் ஒரு சின்ன வீட்டில் ஒதுங்கினார். ட்யூஷன் எடுத்துப் பிழைப்பு. யுத்தம் வந்ததும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்த பணம் நின்றது. 1942-ல் மாரடைப்பு. சிஷ்யை ஒருவர் வீட்டில் அடைக்கலம்.

இந்த மனிதருடைய சங்கீதம், எங்கோ ஏழு கடலுக்கு அப்பால், மைசூரில் இருந்த ஒரு ஜோடிக் காதுகளுக்குப் பிடித்துப் போயிற்று. மெட்னர் எழுதியதை மெட்னரே வாசித்து ரெக்கார்டு செய்ய வேண்டும், செலவு என்னுடையது என்றார் மகாராஜா. 1947-ல் மூன்று பியானோ கன்சர்ட்டோக்களும் பில்ஹார்மோனியாவோடு பதிவாயின. பிறகு பாடல்கள், தனி பியானோ உருப்படிகள். 1950-ல் எலிசபெத் ஸ்வார்ஸ்காஃப் பாட, எழுபது வயது மெட்னர் பியானோவில் உட்கார்ந்தார். மூன்றாவது கன்சர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார். 1951 நவம்பரில் காலமானார்.

அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால்? கன்சர்ட்டோக்களை அவர் எப்படி வாசித்தார் என்பது அவரைக் கேட்டவர்களோடு போயிருக்கும். நோட்டுப்புத்தகத்தில் புள்ளியும் கோடுமாக மட்டும் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு சம்பவம். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானிய மேதை 1949-ல் இறந்தார். சாவதற்கு முந்தைய வருஷம் எழுதிய நான்கு பாடல்கள் அரங்கேறாமல் இருந்தன. 1950 மே 22, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேற்றம். ஃபிளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வாங்ளர் நடத்த, பில்ஹார்மோனியா வாசித்தது. கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் நம் மகாராஜா. அவரால் லண்டன் போக முடியவில்லை. ஆகவே ஒரு நிபந்தனை: கச்சேரியை ரெக்கார்டு செய்து மைசூருக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற கச்சேரி. ஆயிரக்கணக்கானோர் நேரில் கேட்கிறார்கள். செலவு செய்த மனுஷர் ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, தன் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து தபாலுக்குக் காத்திருக்கிறார்.

வணிகவியல் படித்த புத்தி சும்மா இருக்காது. கணக்குப் பார்த்தேன்.

அன்றைய மதிப்பில் ஒரு பவுன் பதிமூன்று ரூபாய் ஐந்தணா சொச்சம். 10,000 பவுன் என்றால் 1,33,000 ரூபாய்க்கு மேல். மூன்று வருஷத்துக்கு நாலு லட்சம். அந்த 4,800 டாலர் ஏறத்தாழ 23,000 ரூபாய். மைசூர் இந்தியாவோடு இணைந்தபின் மகாராஜாவுக்கு முடிவான ராஜமானியம் ஆண்டுக்கு 26 லட்சம். ஆக, ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்தது அந்த அளவுகோலில் நூற்றுக்கு ஐந்து. சங்கீதத்தில் பைத்தியமான ஒரு மாதச் சம்பளக்காரர், மாதம் முப்பதாயிரம் வாங்கினால், ஆயிரத்தைந்நூறு ரூபாயை சபாவுக்குக் கொடுக்கிற மாதிரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மாதச் சம்பளக்காரர் உழைத்துச் சம்பாதிக்கிறார். இது யார் பணம்?

மெட்னரின் கன்சர்ட்டோக்கள் பதிவான அதே 1947-ல்தான் 'மைசூர் சலோ' போராட்டம் நடந்தது. இந்தியா சுதந்திரம் வாங்கியாயிற்று, மைசூரில் மட்டும் ஏன் ராஜாங்கம், மக்களாட்சி கொடு என்று செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். சிறை, தடியடி, உயிர்ப்பலி எல்லாம் உண்டு. கடைசியில் மகாராஜா இறங்கி வந்தார். அக்டோபர் 25-ம் தேதி கே.சி. ரெட்டி தலைமையில் மந்திரிசபை. அரண்மனைக்கு வெளியே கோஷம். லண்டன் ஸ்டூடியோவில் அரண்மனைச் செலவில் பியானோ. இரண்டும் ஒரே வருஷத்துச் சத்தம்.

கோலார் சுரங்கத்தில் இறங்கியவனும், மாண்டியாவில் கரும்பு வெட்டியவனும் கொடுத்த வரியில் ஓரணாவாவது அந்த ரெக்கார்டில் இருக்கிறது. அவனை யாரும் கேட்கவில்லை. அவன் அதைக் கேட்டதும் இல்லை.

அதற்காக மகாராஜாவை ஊதாரிப் பட்டியலில் சேர்த்துவிட முடியுமா? சமஸ்தான ராஜாக்கள் என்னென்னவோ செய்தார்கள். நாய்க்குக் கல்யாணம் பண்ணிவைத்த நவாப் உண்டு. டஜன் கணக்கில் ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியவர்கள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் துருப்பிடித்துவிட்டது. மெட்னர் வாசித்தது இன்றும் கிடைக்கிறது, நீங்களும் நானும் கேட்கலாம். அந்தச் சங்கீதம் மகாராஜாவின் ஸ்பீக்கரோடு நின்றுபோகவில்லை என்பதுதான் அவர் பக்கத்து வாதம். என் பார்வையில் பலமான வாதம். ஆனாலும் கரும்பு வெட்டியவனின் ஓரணா கணக்கில் இருக்கத்தான் செய்கிறது.

ராஜ்ஜியம் போனது. கஜானா சுருங்கியது. லண்டனுக்குப் பணம் போவது நின்றது. மகாராஜாவின் கவனம் முழுசாக நம் சங்கீதத்தின் பக்கம் திரும்பியது. வாசுதேவாச்சார் போன்ற ஜாம்பவான்கள் இருந்த சமஸ்தானம் ஆயிற்றே! 'ஸ்ரீவித்யா' முத்திரையோடு 94 கிருதிகள் செய்தார். இன்றும் மேடைகளில் பாடுகிறார்கள். 1964 முதல் 1966 வரை நம்முடைய மதராஸ் மாநில ஆளுநராகவும் இருந்தார். பெர்ன்ஹில்லில் சொந்த அரண்மனை வைத்திருந்தவர், ஊட்டி ராஜ்பவனுக்கும் சொந்தக்காரர் ஆனார். 1971-ல் ராஜமானியம் ஒழிந்தது. 1974 செப்டம்பரில் மகாராஜா மறைந்தார். அரண்மனை பிற்காலத்தில் விருந்தினர் விடுதி ஆனது.

மகாராஜாவின் வீட்டில் "இந்தப் பெட்டியை எங்கே வைக்கிறது?" என்ற பிரச்னை வந்திருக்காது. நூறு அறை இருந்தால் ஒன்று காதுக்கு. பிரச்னை, ஹாலும் பெட்ரூமுமாக வாழும் சாதாரண மனுஷனுக்குத்தான்.

1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக உபயோகித்துக் கனத்த ஒலியை வரவழைத்தார். குடும்பஸ்தர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ஆனால் 1958-ல் ஸ்டீரியோ ரெக்கார்டு விற்பனைக்கு வந்து காரியத்தைக் கெடுத்தது. இனி ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும்! நம்மூரில் 1978-ல் வந்த 'ப்ரியா' படப்பாடல்களை ஸ்டீரியோவில் கேட்பதற்காகவே இரண்டாவது பெட்டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

1983-ல் ஒரு அமெரிக்க ஆடியோ பத்திரிகையில் 'மனைவி ஏற்கும் அளவு' என்று புதிதாக ஒரு அளவையே கண்டுபிடித்து எழுதினார்கள். வாட், ஓம், டெசிபல் மாதிரி. ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கென்னவோ அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஹாலைப் பெருக்குவது யார்? பெட்டிக்குப் பின்னால் ஒட்டடை அடிப்பது யார்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆறடிப் பெட்டியை இறக்கினால் அளவை குறையத்தான் செய்யும்.

அதற்கு ஒரு சோகமான சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் உலகத்திலேயே சிறந்த ஸ்டீரியோவைத் தானே செய்வது என்று இறங்கினார். கால் நூற்றாண்டுக்கு மேல் உழைப்பு. அதற்காகவே வீட்டை நீட்டித் தனிக்கூடம். பத்தடி உயர ஸ்பீக்கர்கள். சனி, ஞாயிறு என்று பாராமல் பிள்ளைகளையும் வேலை வாங்கினார். முதல் மனைவியோடு விவாகரத்து. மகன் ஒருவர் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். எல்லாம் முடிந்து உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் நரம்பு நோய். கை எழவில்லை, ரெக்கார்டை எடுத்து வைக்க முடியவில்லை. 2022-ல் இறந்தார். பத்து லட்சம் டாலர் மதிப்பு என்று சொல்லப்பட்ட சாமான்கள் ஏலத்தில் மொத்தம் ஒன்றரை லட்சம் டாலர் சுமாருக்குப் போயின. தேய்மானம் என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவோமே, இப்படி ஒரு தேய்மானத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் இப்படி. வீட்டுக்கு வெளியே?

கீச்சொலி சுவரில் முட்டித் திரும்பிவிடும். கனத்த ஒலி சுவரைத் தாண்டும். அதனால் உங்கள் வீட்டில் பாலமுரளி பாடினாலும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவது தாழ்ந்த 'தும் தும்' மட்டும். பாட்டு உங்களுக்கு, தலைவலி அவருக்கு! அவர் சங்கீத ஞானம் இல்லாதவர் என்று திட்டுவதில் நியாயமே இல்லை.

2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஒரு குடியிருப்புச் சங்கத்துக்கும் ஒரு பிரார்த்தனைக்கூடத்துக்கும் நடந்த வழக்கில், மற்றவர் நிம்மதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைக்கச் சொல்லி எந்த மதமும் சொல்லவில்லை என்றது சுப்ரீம் கோர்ட். 2005-ல் இன்னொரு தீர்ப்பு. தனியார் வீட்டு ஒலிச் சாதனம், அந்த வீட்டின் எல்லையில், அனுமதித்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சக் கூடாது. தீர்ப்பு வந்த தேதி ஜூலை 18. நம் மகாராஜாவின் பிறந்தநாள்! சும்மா தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுபடி பெர்ன்ஹில்.

இந்தப் பகுதிக்கு ஒரு குணம் உண்டு. நிசப்தம். நடராஜ குரு 1923-ல் நாராயண குருகுலத்தைத் தொடங்கியது இந்த பெர்ன்ஹில்லில்தான். நித்ய சைதன்ய யதி வாழ்ந்து மறைந்ததும் இங்கேதான். பனி இறங்கினால் பக்கத்துத் தெரு இருமல்கூடக் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் ஆறடி ஸ்பீக்கர்.

"கம்ப்ளெயின்ட் வரலையா சார்?"

"வந்துதே. பின்னால வீட்டுப் பாட்டி. படுத்த படுக்கை. அவங்க பேரன் வந்து, 'அங்கிள், ராத்திரி கட்டில் அதிருதுன்னு அவ்வை சொல்றாங்க'ன்னான். எனக்கு வெட்கமாப் போச்சு. நானே அவங்க ரூம்ல போய் உட்கார்ந்து, இங்க இவளைப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டேன். நிஜமாவே அதிருது."

அதற்குப் பிறகு ஒரு ஒப்பந்தம். மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். பெட்டிக்கு அடியில் கனமான ரப்பர் பலகை. கனத்த ஒலியைக் குறைக்கும் திருகு ஒன்று உண்டாம், அதில் பென்சிலால் ஒரு கோடு. அதைத் தாண்டுவதில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பாட்டி போய்ச் சேர்ந்தார். பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. அதைத் தாண்டியும் அவர் திருகுவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்து வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் மகன் ஃப்ளாட் வாங்கியிருக்கிறார். அப்பா அம்மாவைக் கூப்பிடுகிறார். நண்பரின் மனைவிக்கு ஊட்டிக் குளிர் முட்டியில் ஏறிவிட்டது. படி ஏற முடியவில்லை. போயே ஆக வேண்டும். ஃப்ளாட்டில் ஹால் பதினாலுக்குப் பத்து. பெட்டிகள் லிப்டில் ஏறாது. "விலை பேசினா மரத்துக்குத்தான் காசு தர்றாங்க தம்பி" என்றார்.

அன்று மாலை ஆறு மணிக்கு மெட்னர் போட்டார். பழைய மைசூர் பணத்தில் பதிவானதன் மறுபதிப்பு. கீறல் சத்தத்துக்கு நடுவே அந்த நோயாளிக் கிழவரின் விரல்கள் ஓடின. ஸ்பீக்கரே அங்கே இல்லை போல, ஹாலில் ஒருத்தர் உட்கார்ந்து வாசிப்பது போல் இருந்தது. பின்னால் வீட்டுப் பேரன் இப்போது கல்லூரி மாணவன். வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"இவ்ளோ பெரிய பொட்டியில இவ்ளோ மெதுவாவா கேட்பீங்க அங்கிள்?"

"மெதுவாக் கேட்கத்தான்டா இவ்ளோ பெரிய பொட்டி."

ஏழு மணி ஆனது. நண்பர் எழுந்து ஸ்விட்சை அணைத்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, வலது பக்கப் பெட்டியின் தலையில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். கொலு பொம்மையைத் துடைக்கிற மாதிரி, ஓரம் வரைக்கும்.

"வெறும் மரத்துக்கு எல்லாம் கொடுக்க வேண்டாங்க" என்றார். "அந்தப் பையனுக்கு இடம் இருக்கான்னு கேளுங்க."